கத்தியை விட்டுவிட்டுச் சடங்கை மட்டும் வைத்துக்கொள்ள முடியாதா? ஆப்பிரிக்காவில் நேரில் கண்டவை

கணித ஆசிரியர், மிகோரி, கென்யா

கென்யாவின் தென்மேற்கு மூலையில், தான்சானியா எல்லையை ஒட்டிய குரியா மக்களின் ஊரில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். தீங்கு செய்யும் மரபுகளை இன்றைய ஆப்பிரிக்கா சுமக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி இங்கே மேடைப் பேச்சு அல்ல. ஒவ்வொரு டிசம்பரிலும் வாசலுக்கு வந்து நிற்கிறது.

வந்த புதிதில் ஒரு நாள் காலை தெருவில் பாட்டும் விசிலும் கேட்டு வெளியே போனேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தோளிலிருந்து கணுக்கால் வரை பூப்போட்ட லேசோத் துணி, தலைக்கு மேல் யாரோ பிடித்த வண்ணக் குடை, சுற்றிலும் ஆடிவரும் உறவினர்கள், கையில் அன்பளிப்புப் பணம். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர் மஞ்சள் நீராட்டுச் சீர் வரிசை போலவே இருந்தது. கிட்டே வந்த பிறகுதான் அவர்கள் காலை அகட்டி அகட்டி, அடிமேல் அடி வைத்து நடப்பது தெரிந்தது. அன்று விடியற்காலையில் அந்தப் பிள்ளைகளின் பிறப்புறுப்பை அறுத்திருக்கிறார்கள். வழிநெடுகப் பெண்கள் குலவையிட்டார்கள். அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அழுதால் குடும்பத்துக்கே இழுக்காம்.

இதைத் தடை செய்யும் சட்டம் கென்யாவில் 2011 முதல் இருக்கிறது. அறுப்பவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு சிறை அல்லது இரண்டு லட்சம் ஷில்லிங் அபராதம். பிள்ளை இறந்துபோனால் ஆயுள் தண்டனை. இதற்காக எல்லை தாண்டிக் கூட்டிப்போவதும் குற்றம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து தான்சானியாவுக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பக்கமும் இதே குலம், இதே உறவு. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஊர்வலங்கள் பட்டப்பகலில் போயின.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கணிதத்தில் சராசரிதான். மூன்றாம் பருவம் முடியும் நேரத்தில் தினமும் என் மேசைக்கு வந்து, "சார், விடுமுறையிலும் வகுப்பு எடுங்கள்" என்று கேட்பாள். திடீரென்று கணிதத்தில் இவ்வளவு பிடிப்பா என்று வியந்தேன். சக ஆசிரியை ஒருவர்தான் தனியாக அழைத்துப் புரியவைத்தார்: வகுப்பு இருந்தால் அவள் விடுதியிலேயே தங்கலாம், வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அந்த ஆண்டு தேவாலயம் ஒன்று விடுமுறை முகாம் நடத்தியது. தாயின் சம்மதத்தோடும் தந்தைக்குத் தெரியாமலும் அங்கே சேர்த்தோம்.

ஜனவரியில் திரும்பி வந்தவளைப் பையன்கள் "ஒமொசகானே" என்று கூப்பிட்டார்கள். அறுக்கப்படாதவள் என்று பொருள். இங்கே ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. தலைமையாசிரியர், அவரும் குரியாதான், மறுநாள் காலைக் கூட்டத்தில் சட்டப் புத்தகத்தோடு வந்து 25-ஆம் பிரிவை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அறுக்கப்படாத பெண்ணையோ அவளை மணந்த ஆணையோ இழிவாகப் பேசினால் குறைந்தது ஆறு மாதச் சிறை அல்லது ஐம்பதாயிரம் ஷில்லிங் அபராதம். மைதானத்தில் சத்தமே இல்லை. அந்தப் பிரிவை எழுதியவர்கள் ஊரை அறிந்தவர்கள். பல பிள்ளைகள் கத்திக்குப் பயந்து அல்ல, அந்த வசவுக்குப் பயந்துதான் தாமாகவே போய் உட்காருகிறார்கள்.

ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அறுக்காவிட்டால் எங்கள் பிள்ளையை எந்த நாளில் பெரியவள் என்று ஊர் ஏற்றுக்கொள்ளும்? பரிசமாக எத்தனை மாடு வரும்?" இரண்டாவது கேள்விக்கு என்னிடம் கோபம் இருந்தது. முதல் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு யாரிடமாவது பதில் இருந்தால் எழுதுங்கள்.

செவிலியர், கிசி, கென்யா

சார், உங்கள் ஊரில் ஊர்வலமாவது போகிறது. கிசியில் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. வயதும் குறைவு, எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள். அறுப்பவர் கிழவி அல்ல, பெரும்பாலும் என் தொழிலைச் சேர்ந்தவர். பணியிலிருந்து ஓய்வு பெற்ற செவிலியர், கிளினிக் நடத்துபவர். கையுறை, மரத்துப்போகும் ஊசி, புது பிளேடு. "சுத்தமாகத்தானே செய்கிறோம், சிஸ்டர்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். கையுறை போட்டால் அது சிகிச்சை ஆகிவிடாது. நோயே இல்லாத உறுப்பை ஒரு குழந்தையிடமிருந்து வெட்டி எடுக்கிறீர்கள். அதற்குக் கூலியும் வாங்குகிறீர்கள். செவிலியர் உறுதிமொழி எடுத்த கை அதைச் செய்யும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஒரு இரவு, தொடை வழியாக இரத்தம் வழியும் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு தாய் வந்தாள். கொய்யா மரத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னாள். காயத்தின் விளிம்பு நேர்கோடாக இருந்தது. மரத்திலிருந்து விழுந்தால் அப்படி வராது. இரத்தத்தை நிறுத்தி, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, பதிவேட்டில் கண்டதைக் கண்டபடி எழுதினேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஆசையா? ஆனால் தெரிந்தும் சொல்லாமலிருப்பது இங்கே குற்றம். அந்த வீட்டில் அடுத்ததாக ஒரு தங்கையும் இருந்தாள்.

பிரசவ அறையில் என்ன நடக்கிறது என்று மரபைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். தழும்பு ஏறிய தோல் நெகிழாது. தலை இறங்கும் நேரத்தில் அது கிழியும், எந்தப் பக்கம் கிழியும் என்று சொல்ல முடியாது. முன்பு கரிஸா பக்கம் வேலை பார்த்தபோது, அறுத்த பின் தைத்தும்விடப்பட்ட சோமாலிப் பெண்கள் வருவார்கள். அவர்களுக்குத் தையலைத் திறந்துவிட்டுத்தான் குழந்தையை எடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கென்யா, கானா, சூடான் உள்ளிட்ட ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களைக் கவனித்து 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அறுப்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு அறுவைப் பிரசவமும் இரத்தப்போக்கும் குழந்தை இறப்பும் கூடுகின்றன என்பதுதான் அதன் முடிவு. நாங்கள் இரவுப் பணியில் பார்ப்பதும் அதுவேதான்.

விதை நிறுவன அலுவலர், மேரு, கென்யா

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சட்டம் மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருடைய தாய்க்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 1956-இல், ஆங்கிலேயர் ஆட்சியில், மேருவின் மூத்தோர் சபையான இஞ்சூரி இஞ்செக்கே பெண்களை அறுப்பதைத் தடை செய்தது. அதற்குப் பின்னால் மாவட்ட நிர்வாகம் இருந்தது ஊருக்கே தெரியும். தடை வந்ததும் பெண்பிள்ளைகள் கடையில் பிளேடு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போய்த் தமக்குத்தாமே, ஒருவருக்கொருவர் அறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு "இங்காய்த்தானா" என்றே பெயர் விழுந்தது: என்னை நானே அறுத்துக்கொள்வேன். அந்தப் பாட்டி அதில் ஒருவர். "வெள்ளைக்காரன் வேண்டாம் என்றான், அதனால் வேண்டும் என்றோம்" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் பெருமைதான் இருந்தது.

அதற்கும் முன்பே, 1929-இல், கிகுயூ பகுதியில் ஸ்காட்லாந்து மிஷன் திருச்சபை இதை எதிர்த்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாகத் திருச்சபையை விட்டு வெளியேறித் தனிப் பள்ளிகள் தொடங்கினார்கள். பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டா, 1938-இல் தாம் எழுதிய நூலில் இந்த வழக்கத்துக்காக வாதாடினார். நிலத்தைப் பறித்தவன் சடங்கையும் பறிக்க வருகிறான் என்ற கோபம் அது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதன் விலையைக் கொடுத்தது மட்டும் சிறுமிகளின் உடம்பு.

ஆசிரியர் சார் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். எங்களுக்கு அடுத்த தாராக்காவில் 1996-இல் சில தாய்மார்கள் சேர்ந்து வேறு வழி கண்டார்கள். பெண்பிள்ளைகளை ஒரு வாரம் தனியே வைத்து, பெரியவளான பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும், உடல், திருமணம், மூத்தோர் மரியாதை என்று அத்தைமார் சொல்லித் தந்தார்கள். கடைசி நாளில் ஆட்டம், பாட்டு, பரிசு, விருந்து. கத்தி மட்டும் கிடையாது. ஊர் பார்க்க அவள் பெரியவள் ஆனாள். பிறகு மாசாய் பகுதிகளிலும் இது பரவியது. நான் பார்த்த ஒரு விழாவில் அந்தப் பாட்டியும் முன்வரிசையில் உட்கார்ந்து பாடினார். அவருடைய கொள்ளுப்பேத்திகள் யாரையும் அறுக்கவில்லை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

நாடு முழுவதும் பார்த்தால் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அறுக்கப்பட்டவர்கள் 1998-இல் நூற்றுக்கு 38, 2022-இல் 15. இந்த இறக்கம் முழுக்கக் காவல்துறையால் வந்தது என்று நான் நம்பவில்லை.

முந்திரி வியாபாரி, பண்ருட்டி

கொட்டை கொள்முதலுக்காக ஆண்டுதோறும் காம்பியா போகிறேன். 2024 மார்ச்சில் அங்கே நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 2015-இல் போட்ட தடையை நீக்கி, பெண்களை அறுப்பதை மறுபடி சட்டப்படி அனுமதிக்க வேண்டும் என்று. 42 பேர் அதை மேலே கொண்டுபோக வாக்களித்தார்கள், எதிர்த்தவர்கள் நான்கே பேர். டாக்சி ஓட்டுநர் வழியெல்லாம் மதம், மரபு என்று பேசிக்கொண்டே வந்தார்.

எடை மேடையில் கணக்கு எழுதும் பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். எழுதுவதை நிறுத்தாமலே, "எனக்கு நடந்ததை ஓட்டுப் போட்ட ஆண்களில் யாராவது கேட்டார்களா?" என்றாள். அடுத்த மூட்டையின் எடையைச் சத்தமாகச் சொன்னாள். ஜூலையில் மசோதா தோற்றது. பாதிக்கப்பட்ட பெண்கள் தாங்களே முன்னால் வந்து பேசியதால் தோற்றது என்பது என் எண்ணம். கென்யாவிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. மருத்துவர் ஒருவரே, வயது வந்த பெண்ணின் உரிமை என்று வழக்குப் போட்டார். 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆழ்துளைக் கிணற்றுப் பொறியாளர், வட கானா

வேறு வகை மரபு ஒன்றைச் சொல்கிறேன், கேள்வி ஒன்றுதான். கம்பாகாவில் சூனியக்காரிகள் என்று ஊரை விட்டுத் துரத்தப்பட்ட பெண்களின் முகாம் இருக்கிறது. கூம்புக் கூரை போட்ட மண் குடிசைகள். பெரும்பாலோர் கைம்பெண்கள், வயதானவர்கள். ஊரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இறந்திருக்கும், யாரோ கனவில் இவளைக் கண்டிருப்பார்கள், அவ்வளவுதான் சாட்சி. முகாமின் தலைவர் கோழியை அறுத்து எறிவார். மல்லாந்து செத்தால் நிரபராதி, குப்புற விழுந்தால் குற்றவாளி.

கைப்பம்பு வேலையாக அங்கே போனபோது ஒரு பாட்டி பம்பின் கைப்பிடியைத் தானே அழுத்திப் பார்க்க வேண்டும் என்றார். தண்ணீர் வந்ததும் கைதட்டினார். இத்தனை நாள் தொலைவிலிருந்து தலையில் சுமந்திருக்கிறார். மகன் இருக்கிறானா என்று கேட்டேன். இருக்கிறான், பக்கத்து ஊரில் ஆசிரியர், வருவதில்லை என்றார்.

முகாம்களை மூடிவிட வேண்டும் என்று நகரத்தில் பேசுகிறார்கள். ஒன்றை 2014-இல் மூடியும் விட்டார்கள். நான் பார்த்த வரையில் அந்தப் பெண்களுக்கு முகாம்தான் உயிர்ப் பாதுகாப்பு. 2020 ஜூலையில் கஃபாபா என்ற ஊரில் தொண்ணூறு வயது மூதாட்டியைப் பட்டப்பகலில் அடித்தே கொன்றார்கள்; சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். சூனியப் பட்டம் கட்டுவதைக் குற்றமாக்கும் மசோதாவை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அன்றைய அதிபர் ஒப்புதல் தரவில்லை. ஒழிய வேண்டியது குடிசைகள் அல்ல, பழி போடும் அந்த வாய்.

கணித ஆசிரியர், மிகோரி

எல்லோருக்கும் நன்றி. மேரு நண்பரே, ஒரு திருத்தம். அந்த மாற்றுச் சடங்கு எங்கள் ஊரில் முகாம் அளவிலேயே நிற்கிறது. சான்றிதழோடு வீடு திரும்பிய பிள்ளையை அடுத்த டிசம்பரில் அறுத்த கதையும் உண்டு. தகப்பன்மாரும் குல மூத்தோரும் அந்த விருந்தில் வந்து உட்காராத வரை அது பிள்ளைகளின் விழாவாகவே இருக்கும். ஆகவே இந்த ஆண்டு பெற்றோர் கூட்டத்தில் முகாமின் கடைசி நாளுக்கு மூத்தோரை அழைப்பது பற்றிப் பேசப்போகிறோம். பரிசம் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவரையே முதலில் கேட்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவருக்கு ஆறாம் வகுப்பில் ஒரு பேத்தி இருக்கிறாள்.

சட்டமும் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் மாணவிக்கு அந்த 25-ஆம் பிரிவைத் தவிர வேறு துணை அந்த மைதானத்தில் இருக்கவில்லை.

செவிலியர், கிசி

கென்யாவில் இருக்கும் நம்மவர்களுக்கு: வீட்டு வேலைக்கு வருபவரின் மகளோ, பக்கத்து வீட்டுக் குழந்தையோ நவம்பரில் "பாட்டி வீட்டுக்குப் போகிறேன், புதுத் துணி எடுத்திருக்கிறார்கள்" என்று சொன்னால் எந்த ஊர், எப்போது திரும்புவாள் என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் 116-க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், கட்டணம் கிடையாது. நடந்த பிறகு என்னிடம் கொண்டுவந்தால் தையல் போட மட்டுமே என்னால் முடியும்.