பாறசாலைக் கடைக்குச் சிப்ஸ் கொடுக்க ஜிஎஸ்டி எடுக்கணுமா?

கேள்வி (மார்த்தாண்டம்):
வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு விற்கிறேன். மாதம் 60,000 ரூபாய் வரை வியாபாரம். குழித்துறை, தக்கலைக் கடைகளுக்கு நானே ஸ்கூட்டரில் கொண்டு போய்ப் போடுகிறேன். இப்போது பாறசாலையில் ஒரு பேக்கரிக்காரர் வாரம் 20 கிலோ கேட்கிறார், பில்லும் வேண்டுமாம். ஜிஎஸ்டி எடுக்கணுமா? வருமான வரிக்குத் தனியாகப் பதியணுமா? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில் (கோட்டாறு):
வருஷம் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி, தங்கச்சி. நான் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், எடுக்கவில்லை.

பதில் (களியக்காவிளை, கணக்கு எழுதுபவர்):
அண்ணன் சொல்வது தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்குச் சரி. வரி வரும் பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் 40 லட்சக் கணக்கே கிடையாது, முதல் கிலோவுக்கே பதிவு வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதில் மாட்டுகிறவர்கள் அதிகம். பாறசாலை நமக்குப் பக்கத்து ஊர், சட்டத்துக்கு அது கேரளா. 2017-ல் வணிகவரிச் சோதனைச் சாவடியை எடுத்தபிறகு யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், ரோட்டில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். தோவாளைப் பூ வியாபாரிக்கு இந்தக் கவலை இல்லை, பூவுக்கு வரியே கிடையாது. சிப்ஸுக்கு உண்டு.

ஜிஎஸ்டி தளத்தில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார், போட்டோ, வீட்டு கரண்ட் பில் போதும். கிடைக்கும் எண் 33-ல் தொடங்கும், அது தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்தும் உங்கள் பான். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டம் எளிது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வெளி மாநிலத்துக்கு விற்பவர்களுக்கு அது கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் (விற்பனைக் கணக்கு) போடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். விற்பனை இல்லாவிட்டாலும் போட்டாக வேண்டும், விட்டால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறும். எண்ணெய், கவர் வாங்கும்போது உங்கள் எண்ணைச் சொல்லிப் பில் வாங்கினால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

வருமான வரிக்கு பான் இருந்தால் போதும், தனிப் பதிவு இல்லை. சிறு வியாபாரிகளுக்கான வருமான வரிப் படிவமான ஐடிஆர்-4 போடுங்கள். ஜிபே, வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம். உண்மை லாபம் அதிகமென்றால் அதைத்தான் காட்டணும். உங்கள் வருஷ விற்பனை 7.2 லட்சமும் ஜிபேயில் வந்தால் 6 சதவீதம் 43,200 ரூபாய். வேறு வருமானம் இல்லையென்றால் அதற்கு வரி வராது. ஆனாலும் போடுங்கள், பின்னால் லோன் கேட்டால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, பரவாயில்லையா?

பதில் (களியக்காவிளை):
பரவாயில்லை. அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தையும் கரண்ட் பில்லையும் சேர்த்து ஏற்றுங்கள். பதிவு வந்தபிறகு பேக்கரிக்குச் சரக்கு அனுப்புங்கள்.