அம்மா "எல்லாம் செய்வேன்" என்றார், கவுன்சில் அப்படியே எழுதிவிட்டது

மூத்தமகள்:
இங்கிலாந்தில் இருக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. கேள்வி பாதி, புலம்பல் பாதி. அம்மாவுக்கு 79 வயது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது, இடது கையை நம்பி ஒரு கோப்பையைக்கூடக் கொடுக்க முடியாது. பராமரிப்புத் தேவை மதிப்பீட்டுக்காகக் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றம்) விண்ணப்பித்துவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தோம். வந்தது ஒரு ஃபோன். 35 நிமிடம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, நானேதான் நடுவில் நின்று சொன்னேன். "குளிப்பீர்களா?" "ஓம்." "சமைப்பீர்களா?" "ஓம், புட்டு அவிப்பன்." அம்மா கடைசியாகப் புட்டு அவித்தது பக்கவாதத்துக்கு முந்தின தைப்பொங்கலுக்கு! மூன்று வாரத்தில் கடிதம் வந்தது: தகுதியான தேவைகள் இல்லை, மகள் உதவுகிறார். அந்த மகள் வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டு நிற்கிறாள். இந்த அலட்சியத்தை யாரிடம் முறையிடுவது?

கோப்புக்கட்டு:
அக்கா, 11 வருடமாக வேறொரு கவுன்சிலில் சோஷல் வேர்க்கராக இருக்கிறேன். தாமதம் தவறு, மொழிபெயர்ப்பாளர் பற்றிக் கேட்காததும் தவறு. அதில் வாதம் இல்லை. ஆனால் "அலட்சியம்" என்ற சொல்லை ஏற்க மாட்டேன். எங்கள் சனத்தின் வீடுகளுக்குப் போனால் தேத்தண்ணீர் வரும், பலகாரம் வரும், "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்ற பேச்சும் வரும். வாசல் தாண்டி வந்த பிறகுதான் மகளோ மருமகளோ பின்னால் ஓடி வந்து உண்மையைச் சொல்வார்கள். ஃபோனில் அந்த வாசலும் இல்லை. "ஓம்" என்றதை "ஓம்" என்றே மொழிபெயர்த்தது நீங்கள்தானே? அந்தப் பக்கம் இருந்தவர் வேறு எதை எழுதுவார்?

மூத்தமகள்:
அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது தம்பி? இரவில் கழிப்பறைக்குப் போக முந்திவிடுகிறது, துணி மாற்றிவிடுகிறேன் என்று அவர் காதுபட ஒரு அந்நியரிடம் சொல்லவா? நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிய ஆசிரியை அவர்.

மில்டன்கீன்ஸ்_மாமா:
கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சமூகப் பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்கள் பொதுவாக்கெடுப்பு இல்லாமலே கவுன்சில் வரியை ஆண்டுக்கு 4.99 சதவீதம் வரை ஏற்றலாம். அதில் 2 சதவீதம் பராமரிப்புக்கென்றே. அப்படியும் போதவில்லை. நார்தாம்ப்டன்ஷயர் கவுன்சில் 2018-இல் பணமில்லை என்று கையை விரித்தது, பர்மிங்ஹாம் 2023 செப்டம்பரில் விரித்தது. பணம் இவ்வளவுதான் என்றால் யாருமே இல்லாத கிழவருக்கு முதலில் போகட்டும். பெற்ற மகள் வீட்டில் இருக்கும்போது கவுன்சில் ஏன் வர வேண்டும்? நம் ஊரில் யார் மதிப்பீடு செய்தார்கள்?

மூத்தமகள்:
நம் ஊரில் அம்மம்மாவைப் பார்க்க அம்மா, இரண்டு சித்தி, அடுத்த வளவு அக்கா என்று ஐந்து பேர். இங்கே நான் ஒருத்தி. பார்க்க மாட்டேன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

சட்டப்புள்ளி:
ஆலோசனை மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். மாமா சொன்னதில் பாதி நியாயம், ஆனால் சட்டம் வேறு வரிசையில் போகிறது. 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, தேவை இருப்பதாகத் தோன்றும் எந்தப் பெரியவரையும் கவுன்சில் மதிப்பிட்டே ஆக வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார், கையில் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் கணக்கே இல்லை. மகள் செய்கிற வேலையை இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அம்மாவின் தேவையை எண்ண வேண்டும். முதலில் எண்ணு, அப்புறம் கழி. இந்தக் கடிதத்தில் எண்ணாமலே கழித்திருக்கிறார்கள். "மகள் உதவுகிறார்" என்பதைத் தகுதியில்லாததற்குக் காரணமாக எழுதியிருந்தால் பிழை அங்கேயே இருக்கிறது.

கோப்புக்கட்டு:
சரி, அது பிழைதான். ஆனால் மீதியையும் சொல்லுங்கள். தேவை இருக்கிறது என்று எழுதிய பிறகும், மகள் விருப்பத்தோடு செய்கிறார், செய்ய முடிகிறது என்றால் அந்தப் பகுதிக்குக் கவுன்சில் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. பலர் தகுதி கிடைத்தால் மறுநாளே கெயரர் வந்து கதவைத் தட்டுவார் என்று நினைக்கிறார்கள். பணக் கணக்கும் தனி. 23,250 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பொதுவாகச் செலவு முழுவதும் அவர்கள் தலையில். 2010-இலிருந்து அந்தத் தொகை அசையவில்லை. இதெல்லாம் நாடாளுமன்றம் போட்ட கணக்கு, திட்டு மட்டும் கதவைத் தட்டுகிற எங்களுக்கு.

சட்டப்புள்ளி:
விருப்பமும் முடிவதும் என்று சொன்னீர்களே, அதை மகளிடம் யாராவது கேட்டார்களா? 10-ஆம் பிரிவு பராமரிப்பவருக்கே தனி மதிப்பீடு தருகிறது. அக்கா, உங்கள் பெயரில் ஒன்று கேளுங்கள். வேலையைக் குறைத்ததையும் தூக்கம் போனதையும் அங்கே சொல்லலாம். பணமில்லை என்ற கதைக்கும் எல்லை உண்டு. தேவையை எந்த வழியில் நிறைவேற்றுவது என்பதில் கவுன்சில் செலவைப் பார்க்கலாம், தகுதியான தேவையை நிறைவேற்றாமல் விட அதைச் சாட்டாக்க முடியாது.

மில்டன்கீன்ஸ்_மாமா:
காகிதத்தில் அழகாக இருக்கிறது. திவாலான கவுன்சிலிடம் இதைப் படித்துக் காட்டினால் ஆள் முளைத்துவிடுவாரா? எனக்கு இன்னும் மனது ஒப்பவில்லை. அந்த 35 நிமிடத்தை மட்டும் நான் நியாயப்படுத்த மாட்டேன். என் காருக்கு வருடாந்தரச் சோதனை அதைவிட நீளம்.

மூத்தமகள்:
முறைப்பாடு போட்டால் அம்மாவின் கோப்பில் கறுப்புப் புள்ளி விழுமா என்று பயமாக இருக்கிறது. அதையும் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு:
விழாது. எங்கள் அணிக்கு வந்த முறைப்பாட்டுக் கடிதங்களால்தான் சில கோப்புகள் மேலே ஏறியிருக்கின்றன, வெட்கத்தோடு சொல்கிறேன். முதலில் கவுன்சிலிடமே எழுத்தில் போடுங்கள். மூன்று வேலை நாளுக்குள் கிடைத்தது என்று பதில் வர வேண்டும். மதிப்பீட்டின் எழுத்துப் பிரதியையும் கேளுங்கள், அது உங்கள் அம்மாவுக்குச் சேர வேண்டியது.

சட்டப்புள்ளி:
அதில் திருப்தி இல்லையென்றால் ஒம்புட்ஸ்மன், அதாவது கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு. செலவில்லை. பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். மதிப்பீட்டை இத்தனை நாளில் முடி என்று சட்டத்தில் எண் இல்லை, ஆனால் ஒம்புட்ஸ்மன் நான்கு முதல் ஆறு வாரத்தை நியாயமான அளவாகப் பார்க்கிறது. உங்களுடையது ஐந்து மாதம். ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: கவுன்சிலின் முடிவைத் தூக்கிவிட்டுத் தன் முடிவை ஒம்புட்ஸ்மன் வைக்காது. நடைமுறையில் தவறு கண்டால் திரும்ப மதிப்பிடு, மன்னிப்புக் கேள், சிறு தொகை கொடு என்று பரிந்துரைக்கும்.

கோப்புக்கட்டு:
மறுமதிப்பீடு வந்தால் திரும்பவும் "ஓம்" என்று முடியக் கூடாது. அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். தகுதியை முடிவு செய்ய நாங்கள் பத்து விடயங்களைப் பார்ப்போம்: சாப்பாடு, சுத்தம், கழிப்பறை, உடை, வீட்டுக்குள் ஆபத்தில்லாமல் நடமாடுவது, இப்படி. இரண்டோ அதற்கு மேலோ முடியாமல், அதனால் அவருடைய நல்வாழ்வு கணிசமாகப் பாதிக்கப்பட வேண்டும். ஆனால் "முடியாது" என்பதற்கு விதியில் அகலமான பொருள். செய்துவிடுவார், ஆனால் கடும் வலியோடு; செய்துவிடுவார், ஆனால் வழமையைவிட மிக நீண்ட நேரம் எடுத்து; செய்துவிடுவார், ஆனால் விழுந்து எழும்பி. எல்லாம் முடியாதில் சேரும். ஆகவே அம்மா பொய் சொல்ல வேண்டாம், நீங்களும் கூட்டிச் சொல்ல வேண்டாம். மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள், போதும். மதிப்பிடுபவரோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

மூத்தமகள்:
மூன்று நாளாக எழுதினேன். சட்டை போட 25 நிமிடம், அதில் இரண்டு தரம் கட்டிலில் சாய்ந்துவிட்டார். இரவு 2.10, 3.40, 5 மணி கழிப்பறை. தண்ணீர்க் கேத்தல் கைதவறி ஒரு தரம். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே திடுக்கென்றது, தினமும் செய்கிறபோது இவ்வளவு என்று தெரியவில்லை. முறைப்பாட்டை நேற்று அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளர் வருவார் என்று அம்மாவிடம் சொன்னால், "வாறது எந்த ஊர் ஆள்? கோயிலில போய்ச் சொல்லிப்போடும்" என்கிறார். யாழ்ப்பாணத்து ஆள் வேண்டவே வேண்டாமாம்.

கோப்புக்கட்டு:
அதைக் கேட்கலாம் அக்கா. அவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு, ஆனாலும் வேறு நகரத்திலிருந்து ஃபோனில் ஒருவரை எடுக்கலாம்.

மில்டன்கீன்ஸ்_மாமா:
வரி விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கத்து ஆள், மதுரையோ கோயம்புத்தூரோ, மொழிபெயர்க்க வந்தால் "ஏலாது" (முடியாது) என்ற ஈழத்துச் சொல் அவருக்குப் புரியாமல் போகலாம். எனக்கே லண்டன் வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. முன்னாலேயே சொல்லி வையுங்கள், அந்த அறையில் முக்கியமான சொல்லே அதுதான்.

மூத்தமகள்:
சொல்லி வைக்கலாம் அண்ணா. அம்மா அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே.