பெனாப்ஸ்காட்டில் பால் ரெவியர் செய்தது சரியா?

கடலோடி:
அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய சமயம், 1775 ஏப்ரல் 18 இரவு குதிரையில் போய் பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரித்தவராகத்தான் பால் ரெவியரை எல்லோருக்கும் தெரியும். பின்னால் அவர் ராணுவ நீதிமன்றத்தில் நின்றதை யாரும் பேசுவதில்லை. 1779 ஜூலையில் பாஸ்டனிலிருந்து சுமார் 40 அமெரிக்கக் கப்பல்கள், இன்றைய மெய்ன் மாநிலத்தில் இருக்கும் பெனாப்ஸ்காட் விரிகுடாவுக்குப் போயின. பிரிட்டிஷார் அங்கே கட்டிக்கொண்டிருந்த கோட்டையைப் பிடிப்பதுதான் திட்டம். ரெவியர் பீரங்கிப் படைத் தலைவர். ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை வந்ததும் அமெரிக்கக் கப்பல்கள் ஆற்றில் மேலேறித் தப்பப் பார்த்தன. பலவற்றை அவர்களே கொளுத்தினார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரு கப்பல் எதிரியை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர்களை மீட்க ஜெனரல் பெலெக் வாட்ஸ்வொர்த் ரெவியரின் படகைக் கேட்டார். அவரோ, எனக்கு உத்தரவிட உங்களுக்கு உரிமையில்லை, படகில் என் சாமான்கள் இருக்கின்றன என்றாராம். ஆள் உயிரைவிட மூட்டை முடிச்சு பெரிதா?

செம்புத்தகடு:
சாமான் பேச்சு படகு கேட்ட வாட்ஸ்வொர்த்தின் வாக்குமூலத்தில் வருவது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? மறுத்தது உண்மை என்று 1782 பிப்ரவரியில் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அது யோசிக்க நேரமில்லாத மறுப்பு, கடைசியில் அதே படகைத்தான் ரெவியர் ஜெனரல் சொன்ன வேலைக்கு அனுப்பினார் என்று சொல்லித்தான் விடுவித்தது. கப்பலில் இருந்தவர்களைக் கைவிட்டவர் என்று நாம் எப்படிச் சொல்வது?

திண்ணைவாசி:
அவர் ஃப்ரீமேசன் ஆயிற்றே, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் சகோதர அமைப்பைச் சேர்ந்தவர். 1760இல் அதன் பாஸ்டன் கிளையான செயின்ட் ஆண்ட்ரூஸ் லாட்ஜில் சேர்ந்து, பொறுப்பு பொறுப்பாக ஏறி அதற்கு மாஸ்டராகவே, அதாவது தலைவராகவே இருந்தவர். லாட்ஜ் சகோதரர்கள் கைகொடுத்திருக்க மாட்டார்களா?

செம்புத்தகடு:
கைகொடுத்திருந்தால் ஏன் இரண்டரை வருடம் காத்துக்கிடந்தார், ஐயா? 1779 செப்டம்பரிலேயே பாஸ்டன் துறைமுகத்துக் காஸில் தீவுக் கோட்டைப் பொறுப்பைப் பறித்து வீட்டுக் காவலில் வைத்தார்கள். என்னை ராணுவ நீதிமன்றத்தில் விசாரியுங்கள் என்று மனு மேல் மனு போட்டவர் அவரேதான். காப்பாற்ற ஆள் இருப்பவர் விசாரணையைக் கேட்டு வாங்குவாரா?

லாட்ஜ் அவருக்கு எதைக் கொடுத்தது என்றால் ஜோசப் வாரன் போன்ற நண்பர்களை. வாரன் அதே லாட்ஜ்காரர், பல லாட்ஜ்களுக்கும் மேலே இருக்கும் தலைவரான கிராண்ட் மாஸ்டர், மருத்துவர். 1775 ஜூன் 17 அன்று பாஸ்டன் அருகே பங்கர் ஹில் சண்டையில் இறந்தார். அடுத்த வசந்தத்தில் பிரிட்டிஷார் பாஸ்டனைவிட்டுப் போன பிறகு புதைகுழியைத் தோண்டியபோது முகம் தெரியவில்லை. தான் கம்பி வைத்துக் கட்டிய பொய்ப்பல்லைப் பார்த்து இவர்தான் என்று அடையாளம் சொன்னவர் ரெவியர். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும். 1756லேயே பிரெஞ்சுக்காரர்களுடனான போரில் ஜார்ஜ் ஏரிப் பக்கம் பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்தவர் வேறு. கோழை என்ற சொல் இவருக்குப் பொருந்தாது.

கடலோடி:
கோழை என்று நானும் சொல்லவில்லை. இரண்டாவது குற்றச்சாட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? உத்தரவில்லாமல் பாஸ்டனுக்குத் திரும்பிவிட்டார். படையே சிதறிக் கிடந்தது, முறையான உத்தரவு கொடுக்கவே முடியாத நிலை என்று விடுவித்தார்கள். அதுவும், அந்தப் பயணத்தின் மற்ற அதிகாரிகளுக்குச் சமமான மரியாதையோடு. அத்தனை கப்பலும் பறிபோன பயணத்தில் அது எவ்வளவு மரியாதை?

செம்புத்தகடு:
கப்பல்கள் பறிபோனதற்கு அவரா பொறுப்பு? கடற்படைத் தலைவர் சால்டன்ஸ்டால் எதிரிக் கப்பல்களை நெருங்காமல் நாளைக் கடத்தினார். விசாரணைக் குழு முக்கியப் பழியை அவர்மேல்தான் போட்டது, பதவியும் போனது. ரெவியர் 1795இல் மாசசூசெட்ஸ் கிராண்ட் மாஸ்டர் ஆனார். அதே வருடம் ஜூலை 4 அன்று, கவர்னர் சாமுவேல் ஆடம்ஸோடு சேர்ந்து மாநில சட்டமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். மக்கள் அவரை ஒதுக்கவில்லை.

திண்ணைவாசி:
சரி, லாட்ஜ் கைகொடுத்தது என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு தகவல்: குதிரைச் சவாரியைப் பாடி ரெவியரைப் புகழேற்றிய கவிஞர் லாங்ஃபெல்லோ, இதே வாட்ஸ்வொர்த்தின் மகள்வழிப் பேரன்.

கடலோடி:
அது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. சட்டப்படி ரெவியர் குற்றமற்றவர், ஒப்புக்கொள்கிறேன். படகு விஷயத்தில் மட்டும் என் மனம் மாறவில்லை. கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றதுமே கொடுத்திருக்க வேண்டும்.