மழை நின்ற பிறகு மழைநீர் வடிகாலிலிருந்து நீர் மேலே வருகிறது: உதவி தேவை

ஈரச்சுவர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலில் நேற்று இரவு பெய்த மழை முழுவதும் தடையின்றி வடிந்துவிட்டது. ஆனால் இன்று காலை, நல்ல வெயிலில், சாலையோர இரும்புச் சல்லடையிலிருந்து முதலில் காற்றுக் குமிழிகளும் பிறகு கலங்கிய நீரும் வெளிவரத் தொடங்கி, இப்போது கணுக்கால் அளவுக்கு நீர் நிற்கிறது. அடைப்பு என்றால் மழையின்போதே தேங்கியிருக்க வேண்டும் அல்லவா? விரைவில் விடை தேவை.

தூர்வாரி:
சந்தேகமே வேண்டாம், வண்டல்தான். குழாயின் அடியில் கால்பங்கு உயரத்துக்கு மண் படிந்திருந்தாலே நீரோட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். தூர் வாரினால் சரியாகிவிடும்.

மட்டக்கோல்:
வண்டல் நீரை வடியவிடாமல் தடுக்கலாம்; மழையே இல்லாதபோது புதிய நீரைக் கொண்டுவந்து சேர்க்காது. அந்த வடிகால் எங்கே போய் விழுகிறது? ஆறா, ஏரியா, கால்வாயா? அதன் நீர்மட்டம் இப்போது எவ்வளவு? குழாயின் விட்டமும் நீளமும் என்ன? அதன் வாயில் ஒருவழிக் கதவு உள்ளதா? இவற்றைச் சொல்லாமல் யாரும் பயனுள்ள விடை தர இயலாது.

ஈரச்சுவர்:
மன்னிக்கவும், ஆற்றில்தான் விழுகிறது. ஆறு இன்னும் கரைக்கு அரை மீட்டர் கீழேதான் ஓடுகிறது என்பதால் அதைக் குறிப்பிடத் தோன்றவில்லை. குழாயின் விட்டம் 90 செ.மீ., நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். கதவைப் பற்றித் தெரியவில்லை.

பழையவர்:
இந்தக் கேள்வி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. கேட்பவர்கள் நீரியலின் முதல் பாடத்தையாவது படித்துவிட்டு வந்தால் நம் நேரம் மிஞ்சும். கரை உயரத்துக்கும் உங்கள் தெருவுக்கும் என்ன தொடர்பு? மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை, தெருவைவிட உயரமாகவே இருக்கும்.

மட்டக்கோல்:
ஐயா சொன்ன தொனியை விட்டுவிடுங்கள். சொன்ன செய்தி சரியானது. ஒப்பிட வேண்டியவை கரையும் ஆறும் அல்ல, சல்லடையின் மேல்மட்டமும் ஆற்று நீர்மட்டமும். கரை தெருவைவிட 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், ஆறு இப்போது உங்கள் சல்லடையைவிட அரை மீட்டர் மேலே இருக்கிறது. குழாய் என்பது இரு முனையும் திறந்த வழி என்பதால், உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் வந்தே தீரும். நீங்கள் பார்த்த குமிழிகள், குழாய்க்குள் ஏறிவந்த நீர் முன்னே தள்ளிய காற்று. மேல்பகுதிகளில் பெய்த மழை ஆறு வழியாக வந்து சேரச் சில மணி நேரமாகும். ஆகவேதான் உங்கள் மழை இரவிலும் உங்கள் வெள்ளம் காலையிலும் வந்தன.

ஆறு தெருமட்டத்தைத் தொடுவதற்கு முன்பே பாதிப்பு தொடங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். குழாய் வாயின் மேல்விளிம்பு சல்லடைக்கு 1.2 மீட்டர் கீழே இருந்தால், ஆறு தாழ்ந்திருக்கும்போது நீரைத் தள்ளுவதற்கு அந்த 1.2 மீட்டர் முழுவதும் கிடைக்கும். ஆறு ஏறி அது 0.3 மீட்டராகச் சுருங்கினால், நிரம்பி ஓடும் குழாயின் வெளியேற்றம் மட்ட வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், பாதியாகிவிடும். ஒரு பிடி மண்கூட இல்லாத குழாய்க்கும் இதே கதிதான்.

தூர்வாரி:
அப்படியே இருக்கட்டும். வாய் மூழ்கியிருக்கும்போது ஓட்டம் மந்தமாகி வண்டல் படிவதும் உண்மைதானே?

கல்லணைக்கல்:
வாயில் ஒரு கீல் கதவைப் பொருத்திவிட்டால் சிக்கல் முடிந்தது. உள்ளிருந்து நீர் தள்ளினால் திறக்கும், ஆறு தள்ளினால் மூடும்.

பழையவர்:
முடியாது. மூடிய கதவுக்குப் பின்னால் பெய்யும் மழை எங்கே போகும்? 4 ஹெக்டேர் பரப்பில் மணிக்கு 40 மி.மீ. மழை பெய்து, அதில் பத்தில் ஏழு பங்கு வடிகாலுக்கு வந்தால், மணிக்கு ஏறத்தாழ 1,120 கன மீட்டர். அந்தக் குழாய் முழுவதும் கொள்வதே 190 கன மீட்டர்தான். பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். கதவுடன் பம்ப்பும் வேண்டும், அல்லது நீரைத் தேக்கி வைக்க இடம் வேண்டும்.

கல்லணைக்கல்:
ஆற்றின் உச்சமும் உள்ளூர் மழையும் ஒரே நேரத்தில் வருவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. அவருக்கு இரண்டும் தனித்தனியாகத்தானே வந்தன? அவருக்குக் கதவே போதும்.

பழையவர்:
ஒரு நாள் அனுபவத்தை வைத்து வடிவமைப்பதில்லை.

மட்டக்கோல்:
இந்த வாதத்துக்கு முன் கதவு ஏற்கெனவே இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். நண்பரே, ஆறு வடிந்ததும், உரியவர்களின் துணையோடு, வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது நெருங்க வேண்டாம். தேங்கிய நீரில் நடக்கவும் வேண்டாம், கலங்கிய நீருக்கடியில் மூடி பெயர்ந்த குழி கண்ணுக்குத் தெரியாது.

ஈரச்சுவர் (பதினொரு நாள் கழித்து):
கதவு இருக்கிறது. கீலுக்கு அருகில் ஒரு மரக்கட்டை சிக்கி, நான்கு விரல் இடைவெளியில் திறந்தபடியே நின்றிருக்கிறது. கட்டையை எடுத்துவிட்டார்கள். நேற்று ஆறு மீண்டும் அதே உயரத்துக்கு ஏறியது. தெரு உலர்ந்தே இருந்தது. அனைவருக்கும் நன்றி.

பழையவர்:
நேற்று உங்கள் தெருவில் மழை பெய்ததா?

மட்டக்கோல்:
நானும் அதையே கேட்க வந்தேன். பெய்திருந்தால், எத்தனை நிமிடத்தில் நீர் தேங்கத் தொடங்கியது என்பதையும் எழுதுங்கள்.