டெங்கு பட்டியலில் அண்ணன் பெயர் இல்லை, யாரிடம் போவது?

சித்தூர்ப்புழை: அவசரம். அண்ணனுக்கு டெங்கு. ரிப்போர்ட் கையில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் "எங்கள் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை" என்கிறார்கள். மருந்து அடிக்கவும் யாரும் வரவில்லை. என்ன செய்வது?

தென்னந்தோப்பு: எந்த ஊர்? கேரளமா, தமிழ்நாடா? அண்ணனுக்கு வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் ஏதாவது இருந்தால் பட்டியலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

லேப் தம்பி: உடனே முடிவு காட்டும் அட்டை டெஸ்டா, லேபில் கருவி வைத்துப் பார்க்கும் எலைசாவா? காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் எடுத்தது?

சித்தூர்ப்புழை: கேரளம்தான், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். டெஸ்ட் எடுத்தது பொள்ளாச்சியில். என்.எஸ்.1 (டெங்கு வைரஸின் புரதம்) பாசிட்டிவ். அண்ணன் கஞ்சி குடிக்கிறார்.

வாளையார் மணி: எல்லை தாண்டினால் அவ்வளவுதான். இரண்டு மாநிலமும் கணக்கைக் குறைக்கத்தான் பார்க்கும்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்: மணி, வழிகாட்டுதலை ஒருமுறையாவது படித்துவிட்டு எழுதுங்கள். அட்டையை மட்டும் வைத்து உறுதியான டெங்கு என்று எழுத மாட்டார்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1 எலைசா, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) எலைசா. லேப் எந்த முகவரியைப் பதிவு செய்ததோ அந்த ஊருக்குத்தான் தகவல் போகும். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தென்னந்தோப்பு: மருந்து அடித்து என்ன கண்டோம்? புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழு தண்ணீரில் சுகமாக இருக்கும். ஃபிரிட்ஜ் பின்தட்டையும் தோப்பில் கிடக்கும் சிரட்டையையும் கவிழ்த்துப் போடுங்கள்.

வாளையார் மணி: 2021இல் திருவனந்தபுரம் பக்கம் பாறசாலையில், இதே கொசு பரப்பும் ஜிகா வைரஸ் வந்தபோது எங்கள் சோதனைச்சாவடியில் எவ்வளவு கெடுபிடி! அந்த அக்கறை டெங்குவுக்கு எங்கே?

லேப் தம்பி: ஜிகா வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அறிகுறியே இருக்காது. சாவடியில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து யாரைப் பிடிப்பது?

வாளையார் மணி: அப்படியானால் சாவடியே வேண்டாம் என்கிறீர்களா?

சித்தூர்ப்புழை: தெரிந்துவிட்டது. அண்ணன் பொள்ளாச்சி அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறார். அங்கே போய்ப் புகை அடித்துவிட்டார்கள். லேபில் முகவரியை மாற்றச் சொல்லியிருக்கிறோம். நன்றி.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்: பொறுங்கள். கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளில்தான் காய்ச்சல் வரும். அந்த நாட்களில் அண்ணன் அத்தை வீட்டில் தங்கியிருந்தால், அங்கே அடித்தது வீண் இல்லை. எங்கே இருந்தார்?

லேப் தம்பி: எலைசாவுக்கு ரத்தம் கொடுத்தாரா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்: ஆளைக் காணோம். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள்.

வாளையார் மணி: சாவடிக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.