காண்ட்ராக்டர் இல்லாமல் வாடகை வீட்டைச் சரிசெய்வது: எந்த வேலை முதலில்?

சத்துவாச்சாரி மகள்:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் அப்பா கட்டிய பழைய வீட்டை முதல்முறையாக வாடகைக்கு விடப் போகிறோம். பாத்ரூம் சுவரில் ஓதம், மாடித் தளத்தில் கசிவு, ஒயரிங்கும் அந்தக் காலத்தது. காண்ட்ராக்டரிடம் மொத்தமாகக் கொடுத்தால் கட்டுப்படியாகாது, ஆட்களை நானே கூப்பிட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன். பெயின்டர் நாளைக்கே வருகிறேன் என்கிறார். ஆரம்பித்துவிடலாமா?

காட்பாடி அண்ணன்:
வேண்டாம்மா, பெயின்டர் கடைசி ஆள். ஓதம் இருக்கிற சுவரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உரிந்து வந்துவிடும். முதலில் மாடிக் கசிவை அடையுங்கள், அப்புறம் பாத்ரூமில் பழைய டைல்ஸைப் பெயர்த்து பைப் மாற்றி, வாட்டர்ப்ரூஃப் பூசி, தரையில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள், சுவரில் ஈரம் ஏறவில்லை என்றால்தான் டைல்ஸ்காரரை உள்ளே விட வேண்டும். புதுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்டணும், நம்ம ஊர் மே மாத வெயிலில் ஒருநாள் விட்டாலும் வெடிப்பு விடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு அது ஆகாது, நல்ல தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொரப்பாடி எலெக்ட்ரீஷியன்:
அக்கா, பூச்சுக்கு முன்னாடியே சுவரை வெட்டி ஒயர் பைப் புதைத்து முடித்துவிட வேண்டும். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர். எர்த் சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள், மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்கள், குடி வருகிறவர் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். சுவரை மூடுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்தால் நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும்.

சத்துவாச்சாரி மகள்:
நன்றி அண்ணா, நன்றி தம்பி. கூலி எப்படிப் பேசுவது? கொத்தனார் பாதி முன்பணம் கேட்கிறார்.

காட்பாடி அண்ணன்:
பாதி அதிகம். பாத்ரூமுக்கு இவ்வளவு, மாடிக்கு இவ்வளவு என்று லேபர் மட்டும் பேசுங்கள், சாமான் நீங்களே வாங்குங்கள். ஒவ்வொரு வேலையும் முடிய முடியப் பணம், தண்ணீர் கட்டிப் பார்க்கும்வரை கொஞ்சம் பாக்கி கையில் இருக்கட்டும். நாள்கூலி என்றால் தினமும் நீங்கள் அங்கே நிற்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாகாயம் வாசகி:
சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு விடுகிற எண்ணம் இருந்தால் பாத்ரூமில் வழுக்காத டைல்ஸும் ஒரு கைப்பிடியும் வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவும் செய்ய வேண்டும், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் அதுதான்.