போர்வெல் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு விடுவதா, வேண்டாமா?

கடைமடைக்காரன்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மன்னார்குடி பக்கம் எனக்கு ஆறு மா நிலம், சம்பா நெல், இப்போது கதிர் வெளியே வரும் முன் தொண்டைக்கதிராக நிற்கிறது. ஆற்றில் முறை வைத்து விடுகிறார்கள், எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் முறையே முடிந்துபோகிறது. எனக்குப் போர்வெல் இருக்கிறது, பக்கத்து வயல்காரருக்கு இல்லை, அவர் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இவர்தான் அண்டை வெட்டும்போதெல்லாம் வரப்பைத் தன் பக்கம் சீவி என் பக்கம் அணைத்து ஓரடியைத் தின்றவர், கேட்டதற்கு ஊர் நடுவில் என்னைப் பொய்யன் என்றவர். போன வாரம் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு ராத்திரி தண்ணீர் விட்டேன். இப்போது மறுபடி கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் போதகர் ஐயர் 1 யோவான் 3:16 எடுத்துப் பிரசங்கம் செய்தார், சகோதரருக்காக ஜீவனையே கொடுக்கக் கடன்பட்டிருக்கிறோம் என்று. ஜீவன் இருக்கட்டும், மோட்டார் தண்ணீருக்கே என் மனம் வரவில்லை. வயிற்றெரிச்சலோடு கொடுப்பதெல்லாம் அன்பில் சேருமா?

நீடாமங்கலம் தம்பி:
அண்ணே, நேரா சொல்கிறேன், கொடுக்காதீர்கள். மத்தேயு 25-ல் விளக்கோடு காத்திருந்த புத்தியுள்ள ஐந்து கன்னிகைகள் எண்ணெயைப் பங்கு போட்டார்களா? நமக்கும் போதாது, உங்களுக்கும் போதாது, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதானே அனுப்பினார்கள். கதிர் வெளியே வரும் நேரத்தில் காயப் போட்டால் முழுக்கப் பதர்தான்.

தஞ்சாவூர் வாத்தியார் (ஓய்வு):
தம்பி, அந்த உவமை விழித்திருப்பதைப் பற்றியது, அதை வைத்து மடையை அடைக்க முடியாது. தண்ணீர்ச் சண்டைக்கு ஆதியாகமம் 26-ஐப் படியுங்கள். ஈசாக்கின் ஆட்கள் வெட்டிய கிணற்றைக் கேராரூர் மேய்ப்பர்கள் எங்களுடையது என்கிறார்கள், அவர் ஏசேக்கு என்று பேர் வைத்துவிட்டு நகர்கிறார், அடுத்ததுக்கும் சண்டை, அது சித்னா, மூன்றாவதுக்குத்தான் சண்டை இல்லை, அது ரெகொபோத். ஆனால் ஒன்று, ஈசாக்குக்கு நகர்ந்து போய் வெட்ட இடம் இருந்தது, உங்களுக்கு இருப்பது ஆறு மா. எங்கள் ஊரில் ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரையும் சொல்ல வேண்டும். 1780-களில் ஹைதர் அலி படையெடுப்பில் தஞ்சைச் சீமை பஞ்சத்தில் கிடந்தபோது அவர் ஜனங்களுக்குச் சோறு போட்டார் என்று பெருமையாகச் சொல்வோம், முன்யோசனையாக நெல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்ததால்தான் போட முடிந்தது என்பதை விட்டுவிடுவோம். உங்கள் வயலுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். வயிற்றெரிச்சல் போகட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் அவர் பயிர் கருகிவிடும்.

நாகை அக்கா:
எல்லோரும் வசனம் சொல்லிவிட்டீர்கள், நான் ஒன்று கேட்கிறேன். ராத்திரி கரண்டு வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு மடை மாற்றப் போவது யார், கடைமடைத் தம்பி, நீங்களா, உங்கள் வீட்டம்மாவா? 2018-ல் கஜா புயல் அடித்து எங்கள் ஓடெல்லாம் பறந்து கிடந்தது. கிடைத்த ஒரே தார்ப்பாயை என் வீட்டுக்காரர் பின் தெருவில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நானும் கைக்குழந்தையும் நனைந்தோம். சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னவர் அவர். கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, அந்தக் குடும்பத்திலும் பிள்ளை இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே தூக்கிக் கொடுத்திருப்பேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. மற்றவர்களுக்குச் சகாயம் உங்களுக்கு வருத்தம் என்று ஆக்குவதற்காகச் சொல்லவில்லை என்று பவுலே 2 கொரிந்தியர் 8-ல் எழுதியிருக்கிறாரே.

கடைமடைக்காரன்:
அக்கா, பிடித்துவிட்டீர்கள். அந்த இரண்டு ராத்திரியும் எனக்குக் காய்ச்சல், மடைக்குப் போனது அவள்தான். நேற்று உட்கார்ந்து கேட்டேன். முதலில் நன்றாகத் திட்டினாள், அப்புறம் அவளே கணக்குச் சொன்னாள்: பகல் கரண்டு நமக்கு, இரவு கரண்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்கு, மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பாடு. அவர் சரி என்றார். நேற்று ராத்திரி மோட்டார் கொட்டகையில் இரண்டு பேரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம், பீடி நீட்டினார், நான் பிடிப்பதில்லை என்றேன். வரப்புப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அறுப்பு முடியட்டும், சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கத்தான் போகிறேன். அது தப்பா வாத்தியாரே?

தஞ்சாவூர் வாத்தியார் (ஓய்வு):
அளங்கள். அவரையும் கூட நிற்கச் சொல்லி அளங்கள்.